சேவலுக்கு நூற்றுக்கு எத்தனை மார்க்?

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வரை போனால், கொல்லையில் பத்துக் கோழி மேயும் வீடுகளைப் பார்க்கலாம். சில வீடுகளில் சேவல் செம்பழுப்பு நிறம். பாதி ரோட் ஐலண்ட் ரெட், மீதி நாட்டு ரத்தம். இதில் ஆச்சரியம் இல்லை. சென்னையில் உருவான நந்தனம் கோழி-1 என்ற ரகமே ரோட் ஐலண்ட் ரெட்டிலிருந்து வந்ததுதான்.

ஒரே ஈட்டில் மூணு சேவல் தேறிவிட்டால் கேள்வி வரும்: எதை வெச்சுக்கறது, எதைக் குழம்பு வைக்கறது? இப்போது கையில் போன் இருக்கிறது. தேடினால் அமெரிக்கக் கோழி சங்கம் 1874 முதல் வெளியிட்டுவரும் 'ஸ்டாண்டர்ட் ஆஃப் பெர்ஃபெக்‌ஷன்' வந்து நிற்கும். சேவல் எட்டரை பவுண்டு, அதாவது சுமார் 3.9 கிலோ. கொண்டையில் 5 பல். கால் மஞ்சள். வால் பச்சை மினுங்கும் கறுப்பு. ஒற்றைக் கொண்டையின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு முளை இருந்தாலே போட்டியிலிருந்து வெளியே.

இந்த நூலைக் குப்பை என்று தள்ள மாட்டேன். கோழியைத் தூரத்திலிருந்து ரசிக்காமல் கையில் தூக்கிப் பார்க்கப் பழக்குகிறது. நெஞ்செலும்பு கோணலா, அலகு பொருந்துதா, கால் நேரா என்று பார்ப்பது எந்தக் கொல்லைக்கும் பொருந்தும். என் குறை வேறு: இது யாருடைய கேள்விக்கு எழுதிய பதில்?

ரோட் ஐலண்ட் ரெட்டை உருவாக்கியவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் லிட்டில் காம்ப்டன் பகுதி விவசாயிகள். ஆசியாவிலிருந்து வந்த மலாய் வகைச் சேவல்களை உள்ளூர்ப் பெட்டைகளோடு சேர்த்தார்கள். அவர்களுக்கு வேண்டியது முட்டையும் கறியும். தர நூலில் இந்த இனம் ஏறியது 1904-இல்தான். பிறகு கண்காட்சி வளர்ப்பு நிறத்தை அடர்த்தியாக்கிக்கொண்டே போனது, முட்டைக்கான வளர்ப்பு தனி வழியில் போனது. 1925-இல் இனத்தின் ஆர்வலர் சங்கம் ஆடம்ஸ்வில்லில் ஒரு நினைவுக்கல் வைத்தது. அடுத்த வருஷமே, இந்தப் பெருமை விவசாயிகளுக்கு என்று சொல்லி மாநில அரசு கொஞ்ச தூரத்தில் இன்னொரு கல் நட்டது. அந்தச் சண்டைதான் இன்றைக்கு நம்ம போனில் தெரிகிறது. ஒரு கல்லின் விதியை மட்டும் படிக்கிறோம்.

இரண்டாவது குறை கணக்கு சம்பந்தப்பட்டது. தர நூல் பறவையைத் தனியாக நிறுத்தி மார்க் போடுகிறது. சின்ன மந்தையில் அது ஆபத்து, ஏனென்றால் அடுத்த தலைமுறையின் பாதி மரபு ஒற்றைச் சேவலிடமிருந்து வருகிறது. மரபியலில் 'பயனுள்ள எண்ணிக்கை' என்று ஒரு சூத்திரம் உண்டு: 4 × சேவல் × பெட்டை, அதைச் சேவலும் பெட்டையும் சேர்ந்த எண்ணிக்கையால் வகுக்கணும். 1 சேவல், 10 பெட்டை என்றால் 3.6 வரும். ஒரு தலைமுறைக்கு உள்ளினக் கலப்பு சுமார் 14% ஏறும். பெட்டையை 100 ஆக்கினாலும் விடை 4-ஐத் தாண்டாது! 100 மார்க் வாங்கிய சேவலாக இருந்தாலும் இதே கணக்குதான். நாலு தலைமுறை போனால் பொரிப்பு குறையும், குஞ்சு நோஞ்சானாகும்.

அதற்காக ஒரே கொல்லையில் மூணு சேவல் விட முடியாது, பெட்டைகளின் முதுகில் இறகு மிஞ்சாது. மூணு வீடு பேசிக்கொண்டு, ஆளுக்கொரு சேவல் வைத்து, வருஷா வருஷம் மாற்றிக்கொள்ளலாம். 3 சேவல், 30 பெட்டை ஒரே மந்தை போல ஆகிவிடும். எண் 10.9, ஏற்றம் 4.6%.

நம்ம மாவட்டத்திலேயே சேவலுக்கு இன்னொரு வகை மதிப்பீடு இருந்திருக்கிறது. மதுராந்தகம் பக்கம் இந்தளூரில் சண்டையில் இறந்த சேவலுக்குப் பல்லவர் காலத்து நடுகல் உண்டு. எழுத்து சொல்வது பறவையின் பெயரையும் அதன் ஊர்ப்பகுதியையும்: கீழ்ச்சேரிக் கோழி, பொற்கொற்றி. நிறமோ எடையோ இல்லை. சண்டை என்ற அளவுகோல் கொல்லைக்கு ஆகாது, முரட்டுச் சேவல் குழந்தையைக் கொத்தும். ஆனால் என்ன செய்தது, யாருக்கு உரியது என்று பார்த்தார்களே, அது சரியான இடத்தில் தொடங்கும் பார்வை.

என் வரிசை இப்படி: முதலில் குணம், பருந்தைப் பார்த்தால் குரல் கொடுக்கிறதா, ஆளைத் தாக்குகிறதா. அடுத்து கால், நெஞ்சு, அலகு. பிறகு தாய்க்கோழி எத்தனை முட்டை இட்டது, அடை உட்கார்ந்ததா. நாலாவதாக, பக்கத்து மந்தைக்கு இது சொந்தமா, அயலா. வால் மினுமினுப்பு கடைசி. அதில் இரண்டு பேர் சமமாக வந்தால் அழகானதையே வெச்சுக்கங்க, தப்பில்லை.