பட்ட பாட்டுக்குச் சம்பளம்: பெற்றோர் துணைவர் பணி ஒரு மதிப்பீடு

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போகிறோம். அமெரிக்காவின் குழந்தைகள் மனநலத் துறை இந்த நம்பிக்கையின் மேல் ஒரு வேலையையே உருவாக்கிச் சம்பளமும் கொடுத்துவருகிறது. கடுமையான மனநலச் சிக்கல் உள்ள பிள்ளையை வளர்த்த தாயோ தந்தையோ பயிற்சி பெற்று, அதே நிலையில் தவிக்கும் இன்னொரு குடும்பத்துக்குத் துணையாகப் போவார். மிச்சிகன் மாநிலத்தில் இவருக்குப் ‘பேரன்ட் சப்போர்ட் பார்ட்னர்’ என்று பெயர். மாசசூசெட்ஸில் ‘ஃபேமிலி பார்ட்னர்’. நாம் பெற்றோர் துணைவர் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளையோடு பட்ட பாடுதான் இங்கே அடிப்படைத் தகுதி. நோக்கம் நல்லது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. இந்தப் பணி சொன்னதைச் செய்கிறதா, செய்ய விடப்படுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இப்படியொரு வேலை ஏன் தேவைப்பட்டது என்பதற்கு வரலாறு வலுவான காரணம் சொல்கிறது. பிள்ளையின் மனநோய்க்குத் தாயே காரணம் என்பது ஒரு காலத்தில் ஊர்வம்பு மட்டுமல்ல, மருத்துவக் கருத்தும்கூட. மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்று ஒரு வகையையே 1948இல் ஃப்ரீடா ஃப்ராம்-ரைக்மன் சுட்டினார். ஆட்டிசக் குழந்தைகள் பனி உருகாத குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்கப்பட்டவர்களைப் போல வளர்ந்ததாக அடுத்த ஆண்டு லியோ கன்னர் எழுதினார். 1967இல் வந்த புரூனோ பெட்டல்ஹைமின் ‘தி எம்ப்டி ஃபோர்ட்ரஸ்’ அந்தப் பழியைப் பொதுமக்கள் மத்தியில் பரப்பியது. பழி சுமத்திய துறையிடமே சிகிச்சைக்கும் போய் நிற்க வேண்டியிருந்த தாய், அந்த அறையில் எந்த வாயோடு பேசியிருப்பாள்?

பழி மெல்ல ஓய்ந்தது, கைவிடல் ஓயவில்லை. நாட்டில் கடுமையான மனநலச் சிக்கல் உள்ள 30 லட்சம் குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு உரிய சேவை கிடைக்கவில்லை என்று 1982இல் ஜேன் நிட்சர் தம் ‘அன்கிளெய்ம்ட் சில்ட்ரன்’ அறிக்கையில் எழுதினார். இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் நிலைமை எப்படி இருந்தது என்பதை, அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2003இல் வெளியிட்ட கணக்கு காட்டியது. சிகிச்சை கிடைக்க வேறு வழியில்லாமல் 2001 நிதியாண்டில் குறைந்தது 12,700 பிள்ளைகளைப் பெற்றோர் குழந்தைகள் நலத் துறையிடமோ சிறார் நீதித் துறையிடமோ ஒப்படைத்திருந்தார்கள். எல்லா மாநிலங்களும் கணக்குத் தராத நிலையிலேயே இவ்வளவு. பெற்றோரின் தரப்பைத் தெரிந்த ஒருவர் அமைப்புக்குள் இருக்க வேண்டும் என்ற கோரிக்கை இந்த வேதனையிலிருந்துதான் எழுந்தது. 1989இல் தொடங்கிய ‘ஃபெடரேஷன் ஆஃப் ஃபேமிலீஸ்’ போன்ற பெற்றோர் அமைப்புகள் அதற்குக் குரல் கொடுத்தன.

களத்தில் இந்தப் பணி எப்படி இருக்கும்? பள்ளியில் நடக்கும் சிறப்புக் கல்விக் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். மேசையின் ஒரு பக்கம் ஆசிரியர்கள், பள்ளி உளவியலாளர், துணை முதல்வர். மறுபக்கம் தாய். சிறப்புக் கல்வியில் இருக்கும் பிள்ளையைத் தொடர்ச்சியாகவோ, ஒரே பாங்கில் திரும்பத் திரும்பவோ ஓராண்டில் 10 பள்ளி நாளுக்கு மேல் இடைநீக்கம் செய்வதானால், அந்த நடத்தை அவன் குறைபாட்டால் வந்ததா என்று கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். பள்ளியின் பதிவேட்டில் ஏழு நாள்தான் இருக்கிறது. கூட்டத்துக்கு முன்பே தாயின் சமையலறை மேசையில் உட்கார்ந்து துணைவர் வேறு கணக்குப் போடுவார். ‘பையன் இன்னிக்கு ரொம்பப் படுத்தறான், வந்து கூட்டிட்டுப் போங்க’ என்று பள்ளியிலிருந்து தொலைபேசி வந்த நாள்களைத் தாயின் கைப்பேசியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தேதி போட்டு எழுதுவார்கள். காகிதத்தில் இடைநீக்கம் என்று ஏறாத இடைநீக்கங்கள் அவை. ‘நீங்க வாயால கேட்டா அது கேட்டதாவே கணக்கில்லை, எழுதிக் கொடுங்க’ என்பார். மறுநாள் கூட்டத்தில் பேசப்போவது தாய்தான். துணைவர் பக்கத்தில் இருப்பார்.

இதைச் சமூகப் பணியாளரும் சட்ட உதவியாளரும் செய்யலாமே என்று கேட்கலாம். சட்டம் அவர்களுக்கும் தெரியும். ஆனால் தொலைபேசி அழைப்புகளையும் எண்ண வேண்டும் என்பது, அப்படி அழைக்கப்பட்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியவருக்குத்தான் சட்டென்று தோன்றும். இந்தப் பணியின் உண்மையான சரக்கு இதுதான். ஆறுதல் அதோடு சேர்ந்து வருவது.

இனி ஆய்வுச் சான்றுக்கு வருவோம். இங்கே ஆதரவாளர்களின் பேச்சு கொஞ்சம் அதிகப்படி. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத் துணையாளர்களை அனுப்பிப் பார்த்த 1990களின் ஆரிகன் ஆய்வில், சிகிச்சையைத் தொடங்கிய குடும்பங்கள் கூடின. தொடர்ந்து வருவதில் அந்த அளவு பலன் தெரியவில்லை. பெற்றோருக்கு அறிவும் தன்னம்பிக்கையும் ஊட்டும் பயிற்சியை வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் லெனர்ட் பிக்மன் குழு சோதித்து 1998இல் முடிவு சொன்னது: அறிவு கூடியது, தன்னம்பிக்கை கூடியது, பிள்ளையின் மனநலத்தில் மாற்றம் இல்லை. இது துணைவர் பணியை நேராகச் சோதித்த ஆய்வல்ல. ஆனால் பெற்றோர் வலுவானால் பிள்ளை தானே தேறிவிடும் என்ற நம்பிக்கையின் வேரிலேயே கைவைக்கிறது. கிம்பர்லி ஹோக்வுட் குழு 2010இல் குடும்ப ஆதரவுத் திட்டங்களைத் தொகுத்து ஆராய்ந்தபோது, தகுதி பெற்ற 50 திட்டங்களில் பெற்றோரே நடத்தியவை 11 மட்டுமே. இவ்வளவு சிறிய அடித்தளத்தின் மேல் பெரிய மாளிகை கட்ட முடியாது.

எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. லண்டனின் சதர்க் பகுதியில் 116 பெற்றோரை வைத்து நடந்த சோதனை 2012இல் வெளியானது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெற்றோர் பிற பெற்றோருக்குக் குழந்தை வளர்ப்பு வகுப்பு நடத்தினார்கள். காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் பிள்ளைகளின் நடத்தைச் சிக்கல் குறைந்தது. பெற்றோரின் மன அழுத்தத்தில் வேறுபாடு இல்லை. பிக்மன் கண்டதற்கு ஏறக்குறையத் தலைகீழ். ஆனால் அங்கே நடந்தது பாடத்திட்டம் வகுக்கப்பட்ட வகுப்பு. வீட்டுக்கு வீடு போகும் துணை அல்ல. பிள்ளைகளும் பொதுவான நடத்தைச் சிக்கல் உள்ளவர்கள். பெற்றோரைக் கொண்டு பிள்ளையிடம் மாற்றம் வரவழைக்க முடியும், அதற்குத் தனிக் கருவி வேண்டும் என்பதைத் தாண்டி இந்தச் சான்றிலிருந்து எதையும் கறக்க முடியாது.

பணம் எந்தப் பெயரில் வருகிறது என்று பார்த்தால் பணியின் அடிப்படை முரண்பாடு தெரியும். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டு, சக அனுபவத் துணைக்குப் பணம் தர 2007இல் மூன்று நிபந்தனை வைத்தது: மேற்பார்வை, பிற சிகிச்சையோடு ஒருங்கிணைப்பு, பயிற்சியும் சான்றிதழும். 2013இல் இதைப் பெற்றோருக்கும் விரித்தபோது, தரப்படும் துணை முழுக்க முழுக்கப் பிள்ளையின் நன்மைக்காகவே இருக்க வேண்டும் என்றது. சான்று ஓரளவு வலுவாக இருப்பது பெற்றோர் பக்கம். பணம் வருவதோ பிள்ளையின் பெயரில். அதனால் நள்ளிரவில் அழுத தாயோடு பேசிய ஒரு மணி நேரத்தைத் துணைவர் தம் குறிப்பில் பிள்ளையின் சிகிச்சை இலக்கோடு முடிச்சுப் போட்டுத்தான் எழுத முடிகிறது. 15 நிமிட அலகுகளாகக் கணக்கு எழுதும் முறையில் இந்த முடிச்சு அன்றாட வேலையாகிவிடுகிறது. தான் செய்யாததைச் செய்ததாகக் காட்டவும், செய்ததை மறைக்கவும் ஒரு நல்ல பணியை இப்படிப் பழக்குவது நிதி விதியின் குற்றம்.

இதைவிடக் கனமான கேள்வி, துணைவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பது. குடும்பத்துக்குச் சிகிச்சை தரும் நிறுவனமே அவருக்கும் சம்பளம் தருவது பரவலான ஏற்பாடு. நிறுவனத்தின் திட்டம் குடும்பத்துக்குப் பொருந்தவில்லை என்று தாய் நினைக்கும்போது அவள் பக்கம் நிற்க வேண்டியவர், அந்தத் திட்டத்தை எழுதியவரின் மேற்பார்வையில் வேலை பார்க்கிறார். மேலும், குழந்தை வதைபடுவதாகச் சந்தேகம் எழுந்தால் அரசுக்குத் தெரிவிக்கும் கடமையும் இவ்வகை ஊழியர்களுக்குப் பொதுவாக உண்டு. அந்தக் கடமை நியாயமானது. குழந்தையின் பாதுகாப்புக்கு மேல் எதுவும் இல்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்துவிடுவோமோ என்று அஞ்சும் தாய் மனம் திறப்பது, எதிரே இருப்பவரும் ஒரு தாய் என்பதால். அவர் ஊழியரும்தான் என்பதை முதல் சந்திப்பிலேயே வெளிப்படையாகச் சொல்லாவிட்டால், அந்த நெருக்கமே பொறியாகிவிடும்.

அனுபவத்துக்கும் வரம்பு உண்டு. தன் பிள்ளைக்கு மருந்து பலித்தவர் மருந்தை நம்புவார். மருத்துவமனையில் சூடுபட்டவர் மருத்துவமனையைக் கண்டாலே ஒதுங்குவார். ஒரு வீட்டின் கதை எல்லா வீட்டுக்கும் வழிகாட்டி ஆகாது. நல்ல பயிற்சியாளர்கள் இதை அறிந்தே, தன் கதையைத் தேவைக்கு மேல் சொல்லாதே என்று கற்றுத்தருகிறார்கள். துணைவரின் சொந்தப் பிள்ளை இன்னும் நோயோடு இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. அப்படிப்பட்டவரைக் குறைந்த கூலிக்கு அமர்த்தி, மேலே போகப் படிக்கட்டும் இல்லாமல் வைத்திருந்தால், அது அவர் பட்ட பாட்டை மலிவாக வாங்குவதுதான்.

தீர்ப்புக்கு வருவோம். பிள்ளையைக் குணப்படுத்தும் சேவை என்று இந்தப் பணியை விளம்பரப்படுத்துவது தள்ளுபடி. சான்று அதைத் தாங்கவில்லை. சிகிச்சையின் வாசல்வரை குடும்பத்தைக் கொண்டுசேர்க்கிறது, கூட்டத்தில் தாயைப் பேச வைக்கிறது என்ற உரிமைக்கோரல் நிற்கிறது. ஒரு துறை தலைமுறைக் கணக்கில் தாய்மார் வாயை அடைத்த பிறகு இது சின்னப் பலன் அல்ல. பணம் தர இதுவே போதுமான காரணம். ஆகவே பணி இருக்க வேண்டும். துணைவரை வேலைக்கு வைப்பது, சிகிச்சை தராத பெற்றோர் அமைப்பாக இருக்கட்டும். பெற்றோர் பெறும் பலனைப் பெற்றோரிடமே அளந்து, அதற்கென்றே காசு கொடுக்கட்டும். திட்டம் தவறு என்று கூட்டத்தில் சொன்ன துணைவர் மறுநாளும் அதே வேலையில் இருக்கிறாரா என்பதே இந்தச் சேவைக்கு வைக்க வேண்டிய தேர்வு. அதில் தேறாத நிறுவனம் பெற்றோர் துணைவரை வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது. கூட்டத்தில் தொட்டுக்கொள்ள ஊறுகாய் வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.