களப்பதிவிலிருந்து மறுபடைப்பிற்கு: மார்ட்டின் பென்னட்டின் இசை

ஸ்காட்லாந்து நாட்டார் இசையில் வேரூன்றிப் பல திசைகளில் கிளைத்த கலைஞர் மார்ட்டின் பென்னட் (1971–2005). கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் பிறந்தவர். தாயார் மார்கரெட் பென்னட் நாட்டார் வழக்காற்றியல் அறிஞர். கேலிக் பாடகரும் ஆவார். இளமையிலேயே பேக்பைப் கற்ற மார்ட்டின், பின்னர் வயலினும் பியானோவும் முறையாகப் பயின்றார். நடனக் கூடங்களின் மின்னணுத் தாளமும் அவருக்கு அயலானதன்று.

மொழிபெயர்ப்பாளர்கள் கருதத்தக்கது அவருடைய இறுதித் தொகுப்பான ‘கிரிட்’ (2003). நோயினால் கருவிகளை இசைக்க இயலாத நிலையில், ஜீனி ராபர்ட்சன், அவர் மகள் லிசி ஹிக்கின்ஸ், ஷீலா ஸ்டூவர்ட் முதலிய நாடோடிச் சமூகப் பாடகர்களின் பழைய ஒலிப்பதிவுகளை வெட்டியும் அடுக்கியும் புதிய இசையோடு பொருத்தினார். ஸ்காட்ஸ் செருமானியக் கிளைமொழி. கேலிக் கெல்டியக் கிளைமொழி. ‘ஸ்காட்டிஷ்’ என்னும் ஒற்றைச் சொல் மறைத்துவிடும் இவ்வேறுபாடு இத்தொகுப்பில் செவிக்குப் புலனாகிறது.

துண்டித்தலால் இழப்பு உண்டு. கதைப்பாடலின் உயிர், நிகழ்ச்சிகளின் தொடர்ச்சி. ஓரடியை மட்டும் எடுத்துச் சுழலவிடும்போது கதை வாய்பாடாகச் சுருங்குகிறது. எனினும் எஞ்சுவது சிறிதன்று. உயிரொலிகளின் வட்டாரச் சாயல், மூச்சின் இடைவெளி, அடியிறுதி இழுப்பு ஆகியவை, அச்சிட்ட பாடத்திலும் மொழிபெயர்ப்பிலும் முதலில் மறைபவை, இங்குச் சிதையாமல் நிற்கின்றன. ‘மூவ்’ என்னும் உருப்படி தக்க சான்று. யூவன் மக்கால் இயற்றி ஷீலா ஸ்டூவர்ட் பாடிய இப்பாடலின் பல்லவி, நாடோடிகளை அகன்றுபோகப் பணிக்கும் ஏவல் வாக்கியம். அது திரும்பத் திரும்ப ஒலிக்கையில் ஒவ்வொரு முறையும் புதியதொரு வெளியேற்றமாகிறது. சுழற்சி இங்கு அலங்காரமன்று, பொருளையே ஆக்குகிறது.

இதனோடு ஒப்பிட, ‘பாத்தி கல்ச்சர்’ (1997) தொகுப்பிலுள்ள ‘ஹாலெய்க்’ சற்று ஐயத்திற்குரியது. சோர்லி மக்லீன் கேலிக்கில் எழுதிய கவிதை அது. ஆனால் அவர் குரலில் நாம் கேட்பது ஆங்கில வடிவம். மொழிபெயர்ப்பும் கவிஞருடையதே என்பதால் ஏற்கலாம் என்பர். ஆயினும் மக்கள் அகற்றப்பட்ட ஊரைப் பாடும் கவிதையில் அவர்கள் பேசிய மொழியே பின்தள்ளப்படுவது பொருட்படுத்தாமல் விடத்தக்கதன்று.

2015 ஜனவரியில் கிளாஸ்கோவில் கிரெக் லாசன் ‘கிரிட்’ தொகுப்பைப் பெருங்குழு இசையாக அரங்கேற்றினார். பழைய பதிவுகளின் இடத்தில் நேரடிப் பாடகர்கள் பாடினர். மேற்கோளாக இருந்த குரல் அங்கு மீண்டும் நிகழ்த்துதலாயிற்று. ஆனால் பென்னட் பேணிய அம்முதியோரின் ஒலிச்சாயல் அரங்கில் இல்லை.