ஜட்ஜ் எழுதும் மருந்துச் சீட்டு

அரசாங்க அறிக்கைகளை யாரும் முழுசாகப் படிப்பதில்லை. கேட்டு வாங்கிய மந்திரி படிப்பதில்லை. செக்ரட்டரி சுருக்கத்தை மட்டும் புரட்டுவார். பத்திரிகைக்காரர்கள் ஏதாவது கோடிக்கணக்கில் தெரிகிறதா என்று தேடி அதைத் தலைப்பாக்குவார்கள். எனக்கு மட்டும் இந்த மாதிரி அறிக்கைகளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துத் தொலைக்கும் கெட்ட பழக்கம் இருக்கிறது. விட முயற்சி செய்தேன், முடியவில்லை. போதைப் பழக்கம் பற்றிய ஓர் அறிக்கையை விமர்சிக்க எனக்குள்ள தகுதி அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அறிக்கை இங்கிலாந்தைப் பற்றியது. எழுதியவர் டேம் கரோல் பிளாக். முதல் பாகம் 2020 பிப்ரவரியிலும் இரண்டாம் பாகம் 2021 ஜூலையிலும் வந்தன. இந்த அம்மாள் போலீஸ் அதிகாரியோ வக்கீலோ மனநல நிபுணரோ அல்ல. மூட்டுவாத டாக்டர்! 2002 முதல் 2006 வரை லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிஸிஷியன்ஸின் தலைவராக இருந்தவர். போதைக்கும் மூட்டுவலிக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் யோசித்தேன். படித்து முடித்தபோது புரிந்தது. மூட்டுவாத டாக்டரிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு 'குணமாகிவிட்டது, போய் வாருங்கள்' என்று சொல்லவே முடியாது. கொஞ்ச நாள் அடங்கும், மழைக்காலத்தில் திரும்ப வரும், மறுபடி மருந்து. அதற்காக யாரும் நோயாளியைத் திட்டுவதில்லை. போதைப் பழக்கத்தையும் அப்படிப் பாருங்கள், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாதிரி நீண்டநாள் வியாதி அது என்கிறார். அறிக்கையின் உயிர்நாடி இந்த ஒரு விஷயம்தான்.

அந்த உயிர்நாடியைக் கையில் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குள் போனால்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

உதாரணத்துக்கு ஓர் ஆசாமியை எடுத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான், பெயர் வேண்டாம். ஹெராயின் பழக்கம். இங்கிலாந்தில் ஹெராயின், கிராக் கொக்கெயின் பழக்கம் உள்ளவர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்கிறது அறிக்கை. நம்ம ஆள் தினமும் காசுக்கு என்ன செய்வார்? சூப்பர் மார்க்கெட்டில் சீஸ் கட்டியும் மாட்டிறைச்சியும் ரேஸர் பிளேடும் கோட்டுக்குள் திணித்து எடுத்துப்போய்ப் பாதி விலைக்கு விற்பார். சிறையில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போதை சம்பந்தப்பட்ட குற்றங்களால் வந்தவர்கள், பெரும்பாலும் இந்த மாதிரித் திருட்டு.

பிடிபட்டு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு வருகிறார். அங்கே விக் வைத்த ஜட்ஜ் இல்லை. மூன்று பேர் சாதாரண உடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரும்பாலும் சம்பளம் வாங்காத குடிமக்கள்: ரிடையரான டீச்சர், கடைக்காரர், அந்த மாதிரி. சட்டம் சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் ஓர் ஆலோசகர். அவர்கள் முன்னால் இரண்டு கதவுகள்.

முதல் கதவு சில வாரம் ஜெயில். உள்ளே போன சூட்டில் வெளியே வருகிறார். வீடு இல்லை, வேலை இல்லை. வெளியே வரும்போது கையில் கொடுத்த காசு பல வருஷங்களாக 46 பவுண்டு. 2021-ல்தான் 76 ஆக்கினார்கள். விடுதலை வெள்ளிக்கிழமை என்றால் இன்னும் மோசம், ஆபீஸ்கள் எல்லாம் மூடிவிடும், சனி ஞாயிறு தெருதான். இது பெரிய பிரச்னையாகி, விடுதலைத் தேதியை முன்னால் நகர்த்திக்கொள்ள 2023-ல் தனியாக ஒரு சட்டமே போட்டார்கள் என்றால் பாருங்கள். உள்ளே இருந்த வாரங்களில் உடம்பு ஹெராயினை மறந்திருக்கும். பழைய அளவையே போட்டுக்கொண்டால் சாவு. வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை.

இரண்டாவது கதவு சமூகத் தண்டனை. ஜெயிலுக்குப் போகாமல் ஊரிலேயே இருந்து சில நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும். 2003-ம் வருஷத்துச் சட்டம் இதற்கு ஒரு மெனு கார்டு போட்டது, 2005 ஏப்ரலில் அமலுக்கு வந்தபோது 12 ஐட்டங்கள். சம்பளமில்லாத வேலை, இரவில் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது, இந்த வட்டாரத்துக்குள் வரக்கூடாது என்று போகும். அதில் மூன்று ஐட்டங்கள் வைத்தியம் சம்பந்தப்பட்டவை: போதைக்கு ஒன்று, குடிக்கு ஒன்று, மனநலத்துக்கு ஒன்று. ஜட்ஜ் தண்டனைச் சீட்டில் மருந்தும் எழுதுகிறார்!

போதைச் சிகிச்சை உத்தரவு கிடைத்தால் நம்ம ஆள் சிகிச்சை மையத்துக்குப் போக வேண்டும். பச்சை நிறத்தில் மெதடோன் திரவம். ஆரம்பத்தில் பெரும்பாலும் மருந்துக்கடைக்காரர் முன்னாலேயே நின்று குடிக்க வேண்டும். சிறுநீர், எச்சில் பரிசோதனை. புரொபேஷன் ஆபீசரை, அதாவது நம்ம ஊர் நன்னடத்தை அலுவலரை, பார்க்க வேண்டும். காரணமில்லாமல் ஒரு தரம் வராவிட்டால் எச்சரிக்கை. இன்னொரு தரம் என்றால் மறுபடி கோர்ட்.

இதில் ஒரு நுணுக்கம், எனக்குப் பிடித்தது. பரிசோதனைக்கு வரமாட்டேன் என்றால் அது மீறல். பரிசோதனையில் போதை இருப்பது தெரிந்தால் அது மட்டுமே மீறல் ஆகாது. சறுக்குவது வியாதியின் குணம் என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. யாரோ ஒரு நல்ல மனுஷன் எழுதிய விதி.

குடிக்கு மட்டும் இன்னொரு கருவி வந்திருக்கிறது. காலில் ஒரு பட்டை. அரை மணிக்கு ஒரு தரம் வியர்வையை முகர்ந்து பார்த்துக் குடித்தாரா என்று சொல்லிவிடும். வேல்ஸில் 2020 அக்டோபரிலும் இங்கிலாந்தில் 2021 மார்ச்சிலும் கொண்டுவந்தார்கள். அதிகபட்சம் 120 நாள். மந்திரிகளுக்கு இந்தப் பட்டை ரொம்பப் பிடிக்கும், டி.வி.யில் காட்டலாம் இல்லையா? ஆனால் சட்டத்தைப் படித்தால், குடிக்கு அடிமையானவர்களுக்கு இதை மாட்டக்கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆக, பட்டை சனிக்கிழமை ராத்திரி குடித்துவிட்டு அடிதடி பண்ணுகிறவருக்கு. உண்மையான நோயாளிக்கு டாக்டர்தான் வேண்டும், டாக்டர்தான் கிடைப்பதில்லை.

சரி, இந்த வைத்தியத் தண்டனை பலிக்கிறதா? ஆதரிப்பவர்கள் சொல்லும் கணக்குகளை உடனே நம்பிவிடாதீர்கள். இதற்கு முந்தைய அவதாரம் ஒன்று உண்டு. 1998-ல் சட்டம் போட்டு, மூன்று இடங்களில் வெள்ளோட்டம் விட்டார்கள். அதில் சேர்ந்தவர்களை இரண்டு வருஷம் கழித்து ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். 80 சதவிகிதம் பேர் மறுபடி தண்டனை வாங்கியிருந்தார்கள். அடடா, தோல்வி! கொஞ்சம் பொறுங்கள். சிகிச்சையை முடித்தவர்களில் அது 53 சதவிகிதம், பாதியில் உத்தரவு ரத்தானவர்களில் 91 சதவிகிதம். ஆகா, வெற்றி! அதுவும் பொறுங்கள். முடித்தவர்கள் சிகிச்சையால் திருந்தினார்களா, இல்லை, ஏற்கெனவே திருந்தும் நிலையில் இருந்ததால் முடித்தார்களா? 91-க்கும் 53-க்கும் உள்ள வித்தியாசம் முழுக்க மருந்தின் பெருமை அல்ல. முடித்தவர்களே குறைவு. 2003-ல் முடிவுக்கு வந்த உத்தரவுகளில் ஒழுங்காக நிறைவேறியவை 28 சதவிகிதம் என்று அந்த நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2004-ல் சொன்னது.

நான் அதிகம் நம்புவது 2019-ல் வந்த இன்னொரு கணக்கை. ஒரே மாதிரிப் பின்னணி உள்ளவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். 12 மாதத்துக்குக் குறைவான ஜெயில் தண்டனை பெற்றவர்கள் ஒரு வருஷத்துக்குள் மறுபடி குற்றம் செய்யும் விகிதம், ஊரிலேயே தண்டனை பெற்றவர்களைவிட 4 சதவிகிதப் புள்ளி அதிகம். வெறும் நாலுதானா என்பீர்கள். நாலுதான். இந்தத் துறையில் நாற்பது என்று யாராவது சொன்னால் பர்ஸைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். ஜெயிலைவிட செலவும் குறைவு, பலனும் கொஞ்சம் அதிகம். வேறென்ன வேண்டும்?

அப்படியிருந்தும் கோர்ட்டுகள் இந்த உத்தரவுகளைப் போடுவது வருஷா வருஷம் குறைந்துகொண்டே போனது. மனநலச் சிகிச்சை உத்தரவு ஆரம்பத்திலிருந்தே அபூர்வம்தான். 2017-ல் பர்மிங்ஹாம், பிளைமவுத் உட்பட ஐந்து இடங்களில் புதிதாக முயன்ற பிறகுதான் கொஞ்சம் உயிர் வந்தது. ஏன் குறைந்தது? பிளாக் அம்மாள் டாக்டர் இல்லையா, நாடி பிடித்துச் சொல்லிவிடுகிறார். 2013-ல் போதைச் சிகிச்சையை உள்ளூர் நகராட்சிகள் தலையில் கட்டினார்கள், பிறகு அதற்கான பணத்தை வெட்டினார்கள். 2014-ல் நன்னடத்தைத் துறையை இரண்டாக உடைத்து ஒரு பாதியைத் தனியாருக்குக் கொடுத்தார்கள், குட்டிச்சுவராகி 2021-ல் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். உத்தரவு போட மாஜிஸ்திரேட் தயார், அனுப்ப இடம் இல்லை. அறிக்கையில் மிகச் சிறந்த பக்கங்கள் இவைதான். கோபத்தைக் காட்டாமல், புள்ளிவிவரத்தாலேயே அரசாங்கத்தைக் கன்னத்தில் அறைகிறார். ஐந்தாவது வருஷத்தில் சிகிச்சைக்கு மட்டும் கூடுதலாக 552 மில்லியன் பவுண்டு கேட்கிறார், ஒரு பவுண்டு போட்டால் நாலு பவுண்டு திரும்பும் என்கிறார். அரசாங்கமும் 2021 டிசம்பரில் மூன்று வருஷத்துக்கு சுமார் 780 மில்லியன் ஒதுக்கியது. அறிக்கைகளின் சரித்திரத்தில் இது அபூர்வம்.

இனி குறைகள். முதலாவது அவர் தப்பு அல்ல, கொடுத்த வேலையிலேயே கட்டிப்போட்டிருந்தார்கள்: சட்டத்தை மாற்றுவது பற்றிப் பேசக்கூடாது. வியாதி என்று சொல்லிவிட்டு, வியாதிக்காரனை ஏன் கூண்டில் நிறுத்துகிறீர்கள் என்று கேட்க முடியாத ஓர் அறிக்கை. வாயைக் கட்டிக்கொண்டு பாடின கச்சேரி.

இரண்டாவது குறை இதைவிட எனக்கு உறுத்துகிறது. இந்த வைத்தியத் தண்டனைக்கு ஆசாமியின் சம்மதம் வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 'ஜெயிலா, வைத்தியமா?' என்று கேட்டு வாங்குவது என்ன சம்மதம்? ஆபரேஷன் டேபிளில் படுத்தவரிடம் கையெழுத்து வாங்குகிற கதைதான். இருந்தாலும் நான் இதை முழுக்க எதிர்க்கவில்லை. பெண்டாட்டி தாய்வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மிரட்டி எத்தனை பேர் குடியை நிறுத்தியிருக்கிறார்கள்! வற்புறுத்தல் இல்லாமல் யாரும் டாக்டரிடம் போவதில்லை. நான் கேட்பது வேறு. கையெழுத்துப் போட்டவரிடம் டாக்டர் யார் பக்கம்? நோயாளி தனியறையில் 'நேற்று போட்டேன் சார்' என்று சொல்வது எந்தக் கட்டத்தில் கோர்ட் பைலுக்குப் போகும்? உண்மை சொன்னால் ஜெயில் வரலாம் என்று பயப்படுகிறவரிடம் உண்மை வராது, உண்மை வராமல் இந்த வைத்தியமும் நடக்காது. பணத்துக்கும் நிர்வாகத்துக்கும் கொடுத்த இடத்தில் பாதியையாவது அறிக்கை இதற்குக் கொடுத்திருக்கலாம்.

லிவர்பூலின் வடக்குப் பகுதியில் 2005-ல் ஒரு கோர்ட் திறந்தார்கள். ஒரே ஜட்ஜ், டேவிட் ஃபிளெட்சர். தண்டனை கொடுத்தவரே மாதாமாதம் ஆளைக் கூப்பிட்டு 'எப்படி இருக்கிறாய்' என்று கேட்பார். போதைச் சிகிச்சைக்காரர்கள், வீட்டுவசதிக்காரர்கள் எல்லாரும் அதே கட்டடத்தில். 2014-ல் செலவு அதிகம் என்று மூடிவிட்டார்கள். 2023 ஜூனில் அதே லிவர்பூலிலும் டீஸைடிலும், ஒரே ஜட்ஜ் தொடர்ந்து கவனிக்கும் கோர்ட்டுகளைப் 'புதிய முயற்சி' என்று ரிப்பன் வெட்டித் தொடங்கினார்கள். அரசாங்கங்களுக்கும் நினைவுமறதிக்கு ஒரு சிகிச்சை உத்தரவு போடலாம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம், நமக்கென்ன என்கிறீர்களா? நம்ம போதைப்பொருள் சட்டம், 1985-ம் வருஷத்தது, அதன் 39-வது பிரிவைப் பாருங்கள். போதைக்கு அடிமையான ஒருவர் உபயோகித்த குற்றத்துக்கோ சிறு அளவு வைத்திருந்ததற்கோ தண்டிக்கப்பட்டால், அவர் சம்மதித்தால், கோர்ட் அவரை உடனே ஜெயிலுக்கு அனுப்பாமல் அரசு ஆஸ்பத்திரியிலோ அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சைக்கு அனுப்பலாம். ஒரு வருஷத்துக்குள் சிகிச்சை எப்படிப் போனது என்று ரிப்போர்ட் வர வேண்டும். இங்கிலாந்து அந்த மெனு கார்டை அச்சடிப்பதற்கு இருபது வருஷம் முன்னாலேயே!

2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் முதல் தடவையாக சமூக சேவையும் ஒரு தண்டனை. பொது இடத்தில் குடித்துவிட்டுத் தகராறு செய்தால், 355-வது பிரிவின்படி 24 மணி நேரம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது சமூக சேவை. பழைய சட்டத்தில் அபராதம் பத்து ரூபாய். விலைவாசியைக் கவனித்தவர்கள் வைத்தியத்தைக் கவனிக்கவில்லை. சமூக சேவை என்றால் கூலியில்லாத வேலை, அவ்வளவுதான். குடிக்கிறவர் பார்க்கைப் பெருக்கிவிட்டு, சாயங்காலம் வழக்கமான கடைக்குப் போகலாம். தமிழ்நாட்டில் 2003-லிருந்து அந்தக் கடையும் அரசாங்கத்துடையது.

சிகிச்சை வேண்டும் என்று ஜட்ஜ் எழுதினாலும் எங்கே அனுப்புவார்? எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய தேசிய ஆய்வு 2019-ல் வந்தது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைக்கிறது. படுக்கையில் வைத்துப் பார்ப்பது 180 பேரில் ஒருவருக்கு.

உங்களுக்குத் தெரிந்த கிரிமினல் வக்கீல் யாராவது இருந்தால், 39-வது பிரிவில் இதுவரை எத்தனை கேஸ் பார்த்திருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். பதில் ஒன்றுக்கு மேல் இருந்தால் எனக்கு ஒரு கார்டு போடவும்.