துடைத்த முகங்கள்: கெர்ஹார்ட் ரிக்டரின் நிழற்பட ஓவியங்களும் அரூபங்களும்

ஓவியத்தைப் பற்றி நம் ஊரில் இரண்டே விமர்சன வாக்கியங்கள்தாம் புழக்கத்தில் உண்டு. ஒன்று, 'அப்படியே போட்டோ மாதிரி இருக்கு.' மற்றது, 'ஒண்ணும் புரியல.' முதலாவது பாராட்டு, இரண்டாவது வசை. சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் இதைத் தலைகீழாக்கி வைத்துக்கொண்டோம். போட்டோ மாதிரி இருந்தால் காலண்டர், புரியாவிட்டால் நவீனம். மதிப்பெண்தான் இடம் மாறியதே தவிர வாக்கியங்கள் மாறவில்லை. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் ஒரே ஆள் இலக்காகிவிட்டால் என்ன செய்வது? ஜெர்மானிய ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் அப்படி ஒரு சங்கடம். ஒரு கையால் நிழற்படத்தை அச்சு அசலாக எடுத்து வரைந்தவர், மறு கையால் எதுவுமே அடையாளம் தெரியாத வண்ணப் பரப்புகளை இழுத்துவிட்டவர். இவருக்குப் பாணியே கிடையாது என்று சொன்னவர்கள் உண்டு. இரண்டு கையும் செய்தது ஒரே வேலைதான் என்பது என் வாதம். அந்த வேலை நமக்கு எவ்வளவு தூரம் உதவும் என்பது வேறு கேள்வி. தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் பாதையில் இருக்கிற இண்டூரில் உட்கார்ந்துகொண்டு ஒரு ஜெர்மன்காரனைப் பற்றி எழுதுவதற்கு அந்த இரண்டாவது கேள்விதான் காரணம்.

ரிக்டர் 1932இல் டிரெஸ்டனில் பிறந்தவர். கிழக்கு ஜெர்மனியில் சுவரோவியம் படித்து, சோஷலிச யதார்த்தவாத முறையில் அரசுக் கட்டடங்களுக்கு வரைந்தவர். 1961இல், பெர்லின் சுவர் எழும்புவதற்குச் சில மாதங்கள் முன்பு, மேற்கே வந்துவிட்டார். அங்கே வந்து பார்த்தால் எங்கும் விளம்பரம். 1963இல் நண்பரோடு சேர்ந்து ஒரு மேசை நாற்காலிக் கடையில் நடத்திய காட்சிக்கு 'முதலாளித்துவ யதார்த்தவாதம்' என்று பெயர் வைத்தார். கேலிதான், ஆனால் வெறும் கேலி இல்லை. இரண்டு பக்கமும் பிம்பம் உத்தரவு போடுகிறது என்பதை இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன் செய்த கேலி.

அவருடைய நிழற்பட ஓவியத்தின் செய்முறை எளிமையானது. பத்திரிகையில் வந்த படமோ குடும்ப ஆல்பத்துப் படமோ ஒன்றை எடுத்துக்கொள்வது. கருவி வைத்துத் திரைச்சீலையில் பெரிதாக விழச் செய்து கோடுகளைப் பிரதி எடுப்பது. சாம்பல் நிறத்தில் நுணுக்கமாக, போட்டோவேதான் என்னும்படி வரைவது. அப்புறம் வண்ணம் காயும் முன்னே உலர்ந்த தூரிகையால் மெல்ல இழுத்துவிடுவது. அவ்வளவுதான். உருவம் அழிவதில்லை. விளிம்புதான் அழிகிறது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்த்த முகம் மாதிரி ஆகிவிடுகிறது. பொறுமையாக உட்கார்ந்து வரைந்த துல்லியத்தைத் தானே கெடுத்துவிடுவதில்தான் அந்த ஓவியம் தொடங்குகிறது.

இந்தப் படங்களை நான் பெர்லினிலோ நியூயார்க்கிலோ போய்ப் பார்த்தவனில்லை. அச்சிலும் திரையிலும் பார்த்தவன். ஓவியத்தை நேரில் பாராமல் எழுதுவது அயோக்கியத்தனம் என்று சொல்கிற நண்பர்கள் உண்டு. பொதுவாகச் சரிதான். அரூப ஓவியங்களைப் பொறுத்தவரை இழப்பு பெரிது. ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் திரைச்சீலை கைபேசியில் கைக்குட்டை ஆகிவிடுகிறது, வண்ணத்தின் தடிமன் போய்விடுகிறது. ஆனால் சாம்பல் படங்களின் கதை வேறு. நிழற்படத்தின் ஓவியம், அந்த ஓவியத்தின் நிழற்படம், அதன் அச்சு என்று நகலுக்கு மேல் நகலாக வந்து சேர்வது அந்தப் படங்களின் பொருளுக்கு வெளியே இல்லை. (நம் சிறுபத்திரிகைகளில் ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து அச்சிட்ட எழுத்தாளர் முகங்களை நினைத்துப் பாருங்கள். பல வருஷம் நாம் அறியாமலே ரிக்டர் பாணியில் பத்திரிகை நடத்தியிருக்கிறோம்.)

1965இல் வரைந்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று 'ரூடி மாமா'. அம்மாவின் தம்பி, ஜெர்மன் ராணுவ உடையில் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். போரில் செத்துப் போனவர், வீட்டில் எல்லோருக்கும் செல்லம். இன்னொன்று 'மரியான் சித்தி'. பதினான்கு வயதுப் பெண்ணின் முன்னால் கைக்குழந்தையாக ரிக்டரே கிடக்கிறார். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் மனநோய் என்றார்கள். நாஜி அரசு கட்டாயக் கருத்தடை செய்தது, 1945இல் 'கருணைக்கொலை' என்ற பெயரில் கொன்றது. மாமாவுக்கும் சித்திக்கும் ஒரே சாம்பல், ஒரே துடைப்பு. கொல்லும் படையின் உடையில் சிரிப்பவனும் கொல்லப்பட்டவளும் ஒரே குடும்ப ஆல்பத்தில் இருக்கிறார்கள். இன்னும் ஒரு முடிச்சு உண்டு. ரிக்டரின் மாமனார் ஒரு நாஜி மருத்துவர், டிரெஸ்டனில் கட்டாயக் கருத்தடைகளில் பங்கு கொண்டவர். அவரையும் குடும்பத்தோடு கடற்கரையில் சிரிக்கிறவராக ரிக்டர் 1964இல் வரைந்திருக்கிறார். இந்தச் சங்கதி 2000களின் நடுவில் ஒரு பத்திரிகையாளர் தோண்டி எடுத்த பிறகுதான் வெளியே வந்தது. ஓவியருக்கே தெரியாததை அந்த மங்கல் தனக்குள் வைத்திருந்தது என்று கவித்துவமாகச் சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன். மங்கலுக்கு எதுவும் தெரியாது. நாம்தான் இப்போது தெரிந்துகொண்டு அந்தக் கடற்கரைச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நிற்கிறோம்.

நம் வாசகர்களுக்கு நெருக்கமானது 1988இல் வரைந்த '1977 அக்டோபர் 18' என்ற 15 ஓவியங்களின் வரிசை. அன்று காலை ஸ்டாம்ஹைம் சிறையில் செம்படைப் பிரிவின் பாடர், என்ஸ்லின் இருவரும் பிணமாகக் கிடந்தார்கள். ராஸ்பே சுடப்பட்ட காயத்தோடு கிடந்து அன்றே இறந்தார். உல்ரிக் மைன்ஹோஃப் அதற்கு முந்தைய ஆண்டே அதே சிறையில் தூக்கில் தொங்கிய நிலையில் கண்டெடுக்கப்பட்டார். எல்லாம் தற்கொலை என்றது அரசு. நம்பாதவர்கள் இன்றும் உண்டு. ரிக்டர் எடுத்துக்கொண்டது போலீஸ் படங்களையும் பத்திரிகைப் படங்களையும். கைது, அறை, புத்தக அலமாரி, ஒரு இசைத்தட்டுக் கருவி (பாடரின் துப்பாக்கி இதற்குள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது என்பது அரசுத் தரப்பு), பிணங்கள், சவ ஊர்வலம். மைன்ஹோஃப் இறந்து கிடக்கும் ஒரே நிழற்படத்தை மூன்று முறை வரைகிறார். மூன்றாவது முந்தைய இரண்டைவிடச் சிறியது. முகம் நம்மைவிட்டு விலகிப் போகிறது. இடதுசாரிகள் 'அரசியலைக் கழுவிவிட்டான்' என்றார்கள், வலதுசாரிகள் 'பயங்கரவாதிகளுக்கு அஞ்சலியா' என்றார்கள். 1995இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் வாங்கியபோது கூச்சல் இன்னும் கூடிற்று. ரிக்டர் எந்தச் சித்தாந்தத்தையும் நம்பாதவர், தோழர் கிடையாது. ஆனால் போலீஸ் கேமரா பிணத்தைச் சாட்சியமாக்கியது, பத்திரிகை பரபரப்பாக்கியது. இரண்டின் பிடியிலிருந்தும் அந்த உடம்பை அவர் விலக்கியிருக்கிறார். மங்கல் இங்கே வேலை செய்கிறது. நீங்கள் உற்றுப் பார்க்கப் பார்க்க அது தகவல் தர மறுக்கிறது. தகவல் கிடைக்காதபோதுதான் செத்தது ஒரு ஆள் என்பது உறைக்கிறது.

இங்கே நம் மாவட்டத்துக்கு வருகிறேன். 1980இல் தருமபுரி, வட ஆற்காடு மாவட்டங்களில் 'மோதல்' என்ற பெயரில் நக்சல்பாரி இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் போலீஸ் அடித்துச் செத்த பாலனுக்கும், அதற்குப் பத்தாண்டு முன்பு காணாமல் ஆக்கப்பட்ட அப்புவுக்கும் நாயக்கன்கொட்டாயில் சிலைகள் நிற்கின்றன. ஸ்டாம்ஹைமும் நாயக்கன்கொட்டாயும் ஒன்றல்ல. ஒன்று பணக்கார நாட்டின் சிறை, மற்றது கூலிக்கும் தண்ணீர்க் குவளைக்கும் நடந்த சண்டையின் ஊர். ஆனால் செத்தவனின் படம் என்ற பிரச்சினை இரண்டு இடத்திலும் உண்டு. நாம் அதை எப்படித் தீர்த்தோம்? தியாகி ஆக்கி. மார்பளவுச் சிலை, சிவப்புப் பின்னணி, நேர்ப்பார்வை. போலீஸ் படத்துக்கு எதிர்ப் படம் அது. அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டு படமுமே ஒரு விஷயத்தில் ஒன்று: இரண்டிலும் சந்தேகத்துக்கு இடமில்லை. தியாகியின் படத்தில் பயந்த, தூக்கம் கெட்ட, வீட்டை நினைத்துக்கொண்ட இருபத்து சொச்ச வயதுப் பையன் இல்லை.

இந்த மண்ணுக்கு இன்னொரு பழைய வழியும் உண்டு. தருமபுரியின் நடுகற்கள். வில்லோ வாளோ பிடித்த வீரன், உடம்பில் தைத்த அம்புகள், பக்கத்தில் வட்டெழுத்து: எந்த மன்னனின் எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர் மாடு, மீட்டுப் பட்டவன் பெயர். உருவம் வார்ப்புத்தான், எல்லா வீரனும் ஏறக்குறைய ஒரே ஜாடை. தனி ஆளைச் சுமப்பது எழுத்து. ஜனங்கள் இவற்றில் பலவற்றை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். எண்ணெயும் மஞ்சளும் திரிப்புகையும் ஏறி ஏறி முகம் மழுங்கிவிடுகிறது. தொல்லியல்காரர் தலையில் அடித்துக்கொள்வார். ரிக்டரின் உலர்ந்த தூரிகை பார்த்தால் இதைத் தன் உறவு என்று சொல்லக்கூடும். ஒரே ஒரு வித்தியாசம்: இங்கே துடைப்பவன் சந்தேகத்தால் துடைக்கவில்லை, தொட்டுத் தொட்டுத் துடைக்கிறான்.

அரூபத்துக்கு வருவோம். 1980களிலிருந்து ரிக்டர் நீண்ட மட்டப்பலகை ஒன்றைப் பயன்படுத்தினார். கொத்தனார் சிமெண்டை மட்டம் இழுக்கிற மாதிரி, ஈர வண்ணத்தின் மேல் பலகையை அழுத்தி இழுப்பது. மேல் அடுக்கு அங்கங்கே பிய்ந்து கீழ் அடுக்கு தெரியும். காய்ந்ததும் மறுபடி. எது தங்கும் எது போகும் என்று கைக்கு முழுக்கத் தெரியாது. இழுத்து அழிப்பது என்ற அதே சைகைதான். சாம்பல் படத்தில் தூரிகை செய்ததை இங்கே பலகை செய்கிறது, ஆனால் அடியில் உருவம் இல்லை. சந்தையில் விலை போவதென்னவோ இவைதாம். 2015இல் லண்டன் ஏலத்தில் ஒன்று 3 கோடி பவுண்டுக்கு மேல் போயிற்று. பணக்கார வரவேற்பறைக்கு இவ்வளவு வசதியான சந்தேகம் வேறு கிடைக்காது.

2014இல் அடியில் உருவம் வந்தது. 1944 ஆகஸ்டில் ஆஷ்விட்ஸ்-பிர்கெனவ் முகாமில், பிணங்களை எரிக்கும் வேலைக்குக் கட்டாயமாக நிறுத்தப்பட்ட யூதக் கைதிகள் உயிரைப் பணயம் வைத்து ரகசியமாக எடுத்து வெளியே கடத்திய நான்கு நிழற்படங்கள். ரிக்டர் அவற்றைத் திரைச்சீலைகளில் பெரிதாக்கி வரையத் தொடங்கினார். முடியவில்லை. மேலே வண்ணத்தை இழுத்தார், அடுக்கடுக்காக, கீழே இருந்தது முழுக்க மறையும்வரை. கறுப்பு, சாம்பல், பிய்ந்த சிவப்பு, பச்சை. 'பிர்கெனவ்' என்று நான்கு ஓவியங்கள். 2023 முதல் பெர்லினின் புதிய தேசியக் காட்சியகத்தில் வைக்கப்பட்டபோது எதிரே சாம்பல் நிறக் கண்ணாடிகள். பார்க்கிறவன் தன்னையும் ஓவியத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இரண்டு கையும் ஒரே திரைச்சீலையில் சேர்ந்த இடம் இது. பார்க்கக்கூடாது என்றல்ல, பார்த்துத் தீராது என்று சொல்கிற ஓவியம். ரிக்டர் செய்ததில் ஆகப் பெரியது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் ஒரு முரண்டு. 2012 நவம்பர் 7 அன்று, அதே நாயக்கன்கொட்டாய்ப் பக்கத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகளில், ஒரு காதல் கல்யாணத்தைக் காரணம் காட்டிச் சாதிக் கும்பல் புகுந்து 200க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடித் தீ வைத்தது. தியாகிகளின் சிலைகள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தன. வீடு எரிந்தால் சுவரில் மாட்டிய படமும் எரியும். கல்யாணப் படம், செத்த அப்பாவின் ஒரே படம். ரிக்டர் துடைப்பதற்கு அவரிடம் ஆல்பம் இருந்தது. அவருடைய தேசத்திடம் போலீஸ் கோப்பு, பத்திரிகைத் தொகுப்பு, அருங்காட்சியகம் எல்லாம் இருந்தன. சந்தேகத்தின் அழகியல் நிறைந்த ஆவணக்கிடங்கின் மேல் நிற்கிறது. படமே இல்லாதவனிடம் போய் 'முகம் மங்கலாக இருந்தால்தான் அறம்' என்று சொன்னால் அவன் சிரிப்பான். அவனுக்கு வேண்டியது விளிம்பு. கூர்மையான விளிம்பு.

நாம் காலண்டர் என்று ஒதுக்கிய ஓவியர் இளையராஜாவை இந்த இடத்தில் வைத்து மறுபடி பார்க்கத் தோன்றுகிறது. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, 2021இல் கொரோனாவில் இறந்தவர். அடுப்படி வெளிச்சத்திலும் திண்ணை நிழலிலும் கறுத்த தமிழ்ப் பெண்களை மூக்குத்தியின் மினுக்கம்வரை வரைந்தவர். ஜனங்கள் 'போட்டோ மாதிரியே இருக்கு' என்று கொண்டாடியபோது, நம்மை மாதிரி நிறமுள்ளவர்களை இவ்வளவு நேரம் எடுத்து ஒருத்தர் வரைந்திருக்கிறாரே என்ற ஆச்சரியமும் அதில் இருந்தது. எனக்கு அவர் படங்களில் குறை உண்டு. அந்தப் பெண்கள் வேலைக்கு நடுவிலும் வேர்ப்பதில்லை, வீடு எப்போதும் சுத்தமாக இருக்கிறது, வறுமைகூட வெளிச்சம் பட்டு அழகாகிவிடுகிறது. ஆனால் அந்தக் குறைக்கு மருந்து மங்கல் இல்லை. இன்னும் கூர்மையாகப் பார்ப்பதுதான்: வெடித்த குதிகால், கரி பிடித்த சுவர், தீ வைத்த பிறகு மிச்சமிருக்கிற கதவு நிலை.

ஆகவே நம் இளம் ஓவியர்கள் ரிக்டரின் மங்கலைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புவதைப் பார்க்கும்போது (கிளம்பிவிட்டார்கள், ஒரு சொடுக்கில் எந்தப் படத்தையும் மங்கலாக்கிவிடலாம்) எனக்கு எரிச்சல் வருகிறது. அவர்கள் கற்க வேண்டியது துடைப்பதை அல்ல, துடைப்பதற்கு முன்னால் அவர் உட்கார்ந்து வரைந்ததை. 'பிர்கெனவ்' விஷயத்திலும் இதையேதான் சொல்வேன். பெர்லினில் அந்த நான்கு பெரிய ஓவியங்களோடு, கைதிகள் எடுத்த நான்கு நிழற்படங்களின் சிறிய நகல்களையும் மாட்டியிருந்தார்கள். அவை இல்லாமலே ஓவியம் பேசும் என்கிறார்கள். பேசாது. அந்த நான்கு சின்னப் படங்களையும் எடுத்துவிட்டால், நல்ல வண்ணத்தில் நான்கு பெரிய திரைச்சீலைகள், அவ்வளவுதான். அதற்கும் ஒரு ஏலக்காரன் விலை சொல்வான்.