குளத்துக்கு ஐந்து கரை

லேடெக் எனும் தட்டச்சமைப்பு மென்பொருளில் படம் வரையப் பயன்படும் டிக்ஸ் (TikZ) தொகுப்பில், காகிதம் மடிப்பதற்கென்றே ஒரு நூலகம் இருக்கிறது. ஒரு கட்டளை எழுதினால் பன்னிரண்டு ஐங்கோணங்கள், பசை தடவும் விளிம்புகளோடு, தாளில் விரிகின்றன; வெட்டி மடித்து ஒட்டினால் பன்னிரண்டு முகக் கனவுரு கிடைக்கும். ‘ஃபேஸ் 1’, ‘ஃபேஸ் 2’ என்று ஒவ்வொரு முகத்துக்கும் தனி இடம். அங்கே படத்தைச் சேர்க்கலாம். இலங்கையின் இறக்காமம் குளத்தின் படத்தை அப்படியே இட்டால், நீள்சதுரமாகப் பக்கத்து முகத்திலும் வழியும். ‘கிளிப்’ என்று ஒரு வரி சேர்த்ததும் குளம் ஐந்து கரைக்குள் அடங்கிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். அச்சான தாளைப் பார்த்தால் சிரிப்பு வரும்: மற்ற முகங்களில் இட்ட வயல் தலைகீழாக, பள்ளிவாசல் மினாரா சரிந்து கிடக்கும். முகம் திரும்பும் பக்கமே படத்தையும் திருப்பியிருக்கிறது நிரல். மடித்தால்தான் அதன் கணக்கு புரியும்.

இதையே நாட்காட்டியாக்க, முகத்துக்கொரு ஹிஜ்ரி மாதம் வைக்கலாம். தேதி வேண்டாம், அதைப் பிறை பார்த்துச் சொல்வதுதான் வழக்கம். பிரிஸ்டல் போட் எனும் தடித்த தாளில் அச்சிட்டு, மை தீர்ந்த பேனையால் கோடுகளை அழுத்தி இழுக்க வேண்டும். மெல்லிய சரசரப்போடு தாள் பள்ளம் விடும். பிறகு விரல் தொட்டாலே மடியும். அழுத்தாமல் மடித்தால் விளிம்பில் மை வெடித்து வெள்ளைக் கீறல் தெரியும். கடைசி முகம்தான் பொறுமையைச் சோதிப்பது. உள்ளே விரல் போகாது, பசை வெளியே பிதுங்கும். நல்ல படத்தை அங்கே வைக்காதீர்கள்.