மீட்பால் கேட்ட பெண்மணி

'பிக் நைட்' படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஒரு பெண்மணி கணவரோடு சாப்பிட வருகிறார். 1950கள், அமெரிக்காவின் நியூ ஜெர்சி கடற்கரையோர ஊர் ஒன்று. கடையின் பெயர் பாரடைஸ். அவர் கேட்பது கடலுணவு ரிசோட்டோ. வர நேரமாகிறது. வந்த பிறகு தட்டில் இறாலைத் தேடுகிறார், கண்ணுக்குத் தெரியவில்லை. சரி, இதோடு ஸ்பாகெட்டியும் உண்டுதானே என்கிறார். ரிசோட்டோவே சோறுதான், சோற்றுக்குத் துணையாக இன்னொரு மாவுப் பொருளா என்று தம்பி செக்கொண்டோ தயங்கித் தயங்கி விளக்குகிறான். அவர் விடுவதாக இல்லை. அப்படியே வாங்கினாலும் அந்த ஸ்பாகெட்டியில் மீட்பால் கிடையாதாம். சமையற்கட்டில் இருக்கும் அண்ணன் ப்ரீமோவுக்குத் தலைக்கு மேல் கோபம். அவன் கணக்கில் அந்தப் பெண்மணி கிட்டத்தட்ட ஒரு குற்றவாளி.

படம் பார்க்கிற எல்லாரும் சிரிக்கிற காட்சி இது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பை வைத்தே இந்தப் படத்தைப் புரிந்துகொள்கிறார்கள் என்பதுதான் என் பிரச்சினை. கலைஞனுக்கும் வியாபாரத்துக்கும் நடக்கும் சண்டை, ப்ரீமோ தூய கலைஞன், ஊர் ரசனை கெட்டது, அவ்வளவுதான் கதை என்று முடித்துவிடுகிறார்கள். நம் இலக்கிய நண்பர்களிடம் சொல்லவே வேண்டாம். சமரசம் இல்லாத படைப்பாளி என்று யாரையாவது உதாரணம் காட்ட வேண்டுமென்றால் ப்ரீமோவைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். வாசகன் கிடைக்காதவனுக்கு அது ரொம்ப வசதியான உதாரணம். எனக்கு அந்தப் பெண்மணி சார்பில் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. படமும் அவர் பக்கம் நாம் நினைப்பதைவிட அதிகமாகச் சாய்ந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1996ல் வெளிவந்த படம். இயக்கம் ஸ்டான்லி டூச்சியும் கேம்பல் ஸ்காட்டும். டூச்சி தன் உறவினர் ஜோசப் ட்ரோபியானோவோடு சேர்ந்து எழுதிய திரைக்கதைக்கு அந்த ஆண்டு சன்டான்ஸ் விழாவில் விருது கிடைத்தது. இத்தாலியின் அப்ருட்ஸோ பகுதியிலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவர் நடத்தும் கடை நொடித்துக்கொண்டிருக்கிறது. வங்கி கெடு வைத்துவிட்டது. அதே தெருவில் பாஸ்கல் என்பவரின் உணவகம் கூட்டத்தில் திணறுகிறது. பாடகர் லூயி ப்ரீமா தன் நண்பர், உங்கள் கடைக்குச் சாப்பிட வரச் சொல்கிறேன் என்று பாஸ்கல் வாக்குக் கொடுக்கிறார். அந்த ஒரு ராத்திரிக்காகக் கையில் மிச்சமிருக்கும் காசையெல்லாம் போட்டுத் தம்பிகாரன் விருந்து வைக்கிறான். லூயி ப்ரீமா வரவில்லை.

இப்போது மீட்பாலுக்கு வருவோம். 1880க்கும் 1920க்கும் இடையில் ஏறக்குறைய 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்காவில் குடியேறினார்கள். பெரும்பாலோர் தெற்கு இத்தாலியின் ஏழை விவசாயிகள். ஊரில் இறைச்சி என்பது திருவிழாச் சாப்பாடு. அமெரிக்காவில் கூலி வாங்கி இறைச்சி வாங்க முடிந்தது. ஆகவே ஊரில் சின்னதாகப் பிடித்த உருண்டை இங்கே பெரிதானது, தனியாகச் சாப்பிட்டது ஸ்பாகெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தது, தக்காளிச் சாறு தட்டை நிறைத்தது. இத்தாலியில் இல்லாத ஒன்றைக் கேட்கிறார் என்று அந்தப் பெண்மணியைக் கேலி செய்யலாம். ஆனால் அவர் கேட்டது இத்தாலியர்கள் கண்டுபிடித்ததைத்தான். பசித்த இத்தாலியர்கள் முதன்முதலாக வயிறு நிறையத் தின்றபோது கண்டுபிடித்தது. ஒட்டுக்கடை மீ கோரெங் தின்று வளர்ந்த நமக்கு இதைப் புரியவைக்க யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. அப்ருட்ஸோவின் தெராமோ பக்கம் 'கித்தாரா' என்ற கம்பி கட்டிய சட்டத்தில் அறுத்தெடுக்கும் பாஸ்தாவோடு கோலிக்குண்டைவிடச் சின்ன இறைச்சி உருண்டைகளைப் போட்டுப் பரிமாறுவது பழைய வழக்கம். அதாவது ப்ரீமோவின் சொந்த ஊர்ப்பக்கமே பாஸ்தாவும் மீட்பாலும் ஒரே தட்டில் உண்டு! மாறாக, அவன் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றும் ரிசோட்டோ வடக்கு இத்தாலியின் சாப்பாடு. லொம்பார்டி, பியட்மாண்ட், வெனிஸ் பக்கத்து நெல்வயல்களின் பிள்ளை. இத்தாலி ஒரே நாடாக ஆனதே 1861ல்தான். பெல்லெக்ரினோ அர்தூசி பல ஊர்ச் சமையலை ஒரே புத்தகத்தில் தொகுத்து வெளியிட்டது 1891ல். 'அசல் இத்தாலியச் சாப்பாடு' என்று ப்ரீமோ நெஞ்சில் அடித்துக்கொள்வதற்கு வயது அவ்வளவுதான், அவனுடைய தாத்தா வயது.

விருந்தின் உச்சமாக வருகிற டிம்பானோவையும் பாருங்கள். முரசு வடிவத்தில் மாவுக் கூட்டுக்குள் அடைத்துச் சுட்டெடுக்கும் பாஸ்தா. டூச்சி குடும்பத்தில் கிறிஸ்துமஸுக்குச் செய்வது. அந்தக் குடும்பச் செய்முறையில் பாஸ்தா, இறைச்சிச் சாறு, சலாமி, பாலாடைக்கட்டி, அவித்த முட்டை, கூடவே குட்டிக் குட்டி மீட்பால். பெண்மணிக்கு மறுக்கப்பட்டது மாவுக்குள் ஒளிந்துகொண்டு கைதட்டல் வாங்குகிறது. திரைக்கதை எழுதியவர்கள் தெரிந்தேதான் செய்திருப்பார்கள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் படம் ப்ரீமோவைவிடப் புத்திசாலி என்பதற்கு இது எனக்குப் போதும்.

அதைவிடப் பெரிய சான்று வராத விருந்தாளிதான். லூயி ப்ரீமா நிஜ மனிதர். 1910ல் நியூ ஆர்லியன்ஸில் சிசிலியக் குடும்பத்தில் பிறந்தவர். இத்தாலியத் தெருமொழியையும் கறுப்பர்களின் ஜாஸையும் ஒன்றாகக் குலுக்கி, பிட்ஸாக் கடைப் பரிசாரகியைப் பற்றியெல்லாம் பாடிக் கூட்டத்தை ஆட வைத்தவர். அவர் பிறந்த ஊரில் 1906ல் சிசிலியக் குடியேறி ஒருவர் தொடங்கிய சென்ட்ரல் குரோசரி என்ற மளிகைக் கடை உண்டு. இறைச்சி, பாலாடைக்கட்டி, ஊறவைத்த ஆலிவ், ரொட்டி என்று விற்கும், இப்போது டெலி என்று சொல்கிற வகை. (டெலி என்ற சொல்லே ஜெர்மன்காரர்கள் கொடுத்தது.) சிசிலியத் தொழிலாளிகள் இவற்றைத் தனித்தனியாக வாங்கி மடியில் வைத்துத் தடுமாறிச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் வட்ட ரொட்டிக்குள் வைத்து அறுத்துக் கொடுத்தார்கள் என்று கதை. முஃபுலெட்டா என்று பெயர். சிசிலியில் தேடினால் அந்தச் சாண்ட்விச் கிடைக்காது, அந்தப் பெயரில் ரொட்டிதான் கிடைக்கும். அப்படிப்பட்ட ஊரின் பிள்ளைக்காகத்தான் ப்ரீமோ கலப்படமே இல்லாத இத்தாலிய விருந்தைச் சமைத்துவிட்டுக் காத்திருக்கிறான். பாடல்களில் லூயி ப்ரீமா செய்ததும் ஸ்பாகெட்டியின் மேல் மீட்பால் வைக்கிற வேலைதானே. வந்திருந்தால் அவரும் மீட்பால் எங்கே என்று கேட்டிருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இதனால் பாஸ்கல் சரி என்று ஆகிவிடாது. இயான் ஹோல்ம் அந்தப் பாத்திரத்தை ஒரு சின்னப் பூதம் மாதிரி நடித்திருக்கிறார். கத்துகிறார், கட்டிப்பிடிக்கிறார், அடுத்த நொடியே கணக்குப் பார்க்கிறார். மக்கள் கேட்பதை முதலில் கொடு, அப்புறம் நீ நினைப்பதைக் கொடு என்பது அவர் உபதேசம். அவருக்கு அந்த 'அப்புறம்' வந்ததே இல்லை. ஆனால் ப்ரீமோவின் டிம்பானோவைத் தின்றுவிட்டு எழுந்து நிற்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள். அந்தக் கடையில் சாப்பாட்டை உண்மையாகவே அறிந்தவர் அவர் ஒருவர்தான். அறிந்துகொண்டே கடையை மூட வைக்கிறார். லூயி ப்ரீமாவை அவர் கூப்பிடவே இல்லை.

பாரடைஸ் நொடித்ததற்குக் காரணம் ருசி கெட்ட ஊரா? அந்தத் தெருவில் ப்ரீமோவுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். முடிதிருத்தும் நண்பர் இருக்கிறார். சாப்பாட்டுக்குக் காசுக்குப் பதில் ஓவியம் கொடுக்கும் ஓவியர் இருக்கிறார். பேச நாக்கு எழாமல் ப்ரீமோ சுற்றிச் சுற்றி வருகிற பூக்கடைப் பெண் ஆன் இருக்கிறாள். பெரிய ராத்திரியில் இவர்களெல்லாம் வந்து தின்று, குடித்து, ஆடி, மேசைமேலேயே சாய்ந்துவிடுகிறார்கள். ஒரு பெண் தன் அம்மாவின் சமையல் எவ்வளவு மோசம் என்று நினைத்து அழவே செய்கிறாள். ஒருவரும் காசு கொடுக்கவில்லை. இலவசமாகக் கொடுத்தபோது மட்டும் ப்ரீமோ அக்கம்பக்கத்துக்குச் சமைக்கிறான். காசு கொடுத்து வந்தவர்களுக்கு அவன் தேர்வு வைத்தான். ஆனுக்குச் சாறை ருசிக்கக் கொடுக்கும் காட்சியில் எவ்வளவு பொறுமையாக விளக்குகிறான்! அந்தப் பொறுமையில் கால்வாசியைக்கூட ரிசோட்டோ பெண்மணிக்கு ஒதுக்கவில்லை. சமையற்கட்டின் கதவு இடுக்கிலிருந்து முறைத்ததோடு சரி. வெளியே நின்று பேசியது, சிரித்தது, கெஞ்சியது எல்லாம் தம்பி.

அதனால்தான் டோனி ஷலூபின் ப்ரீமோவைவிட டூச்சியின் செக்கொண்டோ எனக்கு முக்கியமாகப் படுகிறான். பெயர்களிலேயே விஷயம் இருக்கிறது. இத்தாலியச் சாப்பாட்டு வரிசையில் முதலில் வரும் பாஸ்தா அல்லது ரிசோட்டோவுக்குப் 'ப்ரீமோ' என்று பெயர், அடுத்து வரும் இறைச்சிக்குச் 'செக்கொண்டோ'. அண்ணனின் தூய்மைக்கு வங்கியில் போய் நிற்பவன், பாஸ்கலிடம் கடன் கேட்பவன், சட்டையைத் தேய்த்து மாட்டிக்கொண்டு காலி மேசைகளுக்கு நடுவே நிற்பவன் இவன். நல்லவனும் இல்லை. காதலியை ஏமாற்றுகிறான். காடிலாக் காருக்கு ஆசைப்படுகிறான். ப்ரீமோவின் சமையலில் ஒரு மடங்கு உயர்வு என்றால் அதற்கான கூலியில் இவன் கொடுத்தது இரண்டு மடங்கு. கலைஞனைப் பற்றிப் பேசும்போது நாம் இந்த ஆளைப் பற்றிப் பேசுவதே இல்லை. பத்திரிகைக்கு அச்சுக்கூலி கட்டுகிறவர் மாதிரி.

படத்தில் குறையும் இருக்கிறது. பெண்மணியை அவ்வளவு மண்ணாங்கட்டியாகக் காட்டியது மலிவான வேலை. அதே மலிவு விருந்துக் காட்சியிலும் எட்டிப்பார்க்கிறது. தட்டு தட்டாகக் கேமரா நகரும்போது நமக்கு எச்சில் ஊறட்டும் என்று இயக்குநர்கள் காத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் அவர்கள் பாஸ்கலின் ஆட்கள்தான். படம் வந்தபின் சில அமெரிக்க உணவகங்கள் டிம்பானோவைச் செய்து 'பிக் நைட்' விருந்து என்றே விற்றன. யார் கேட்டார்களோ அவர்களுக்கு, கேட்டதைக் கொடுத்தார்கள்.

ஆனால் கடைசிக் காட்சி வேறு. விடிந்துவிட்டது. கடற்கரையில் அண்ணனும் தம்பியும் கட்டிப்புரண்டு சண்டை போட்டாகிவிட்டது. காசு போயாச்சு. சமையற்கட்டில் செக்கொண்டோ முட்டை உடைத்து அடித்து ஆம்லெட் போடுகிறான். ஏறக்குறைய ஐந்து நிமிடம், ஒரே ஷாட், பேச்சு என்று எதுவும் இல்லாத மாதிரிதான். முதல்முறையாகத் தம்பி சமைப்பதைப் பார்க்கிறோம். உப்பு, எண்ணெய், முட்டை. இத்தாலியச் சாப்பாடா, அமெரிக்கச் சாப்பாடா என்று கேட்க ஆள் இல்லை. இரவு முழுக்க வேலை செய்துவிட்டு அங்கேயே படுத்துத் தூங்கிய உதவியாள் கிறிஸ்டியானோ எழுந்து ரொட்டியை எடுத்து வைக்கிறான். படம் முழுக்க அவனுக்குப் பேச அதிகம் கிடையாது. பாடகர் மார்க் ஆண்டனி நடித்த பாத்திரம் என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். ஆம்லெட்டைத் தம்பி மூன்றாகப் பிரிக்கிறான். கிறிஸ்டியானோவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று, வாணலியில் ஒன்று. ப்ரீமோ உள்ளே வருகிறான். வாணலியில் இருந்தது அவன் தட்டுக்குப் போகிறது. கிறிஸ்டியானோ எழுந்து வெளியே போய்விடுகிறான். சம்பள பாக்கி எவ்வளவு என்று படம் சொல்வதில்லை. அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் தோளில் மற்றவர் கையைப் போட்டுக்கொண்டு, பசியாறுகிறார்கள்.