வீடு நகராமல் மாறிய விலாசம்

எங்கள் நாகலாபுரத்துக் கரிசலில் கட்டிய வீடு எதுவும் நகர்ந்ததில்லை, விலாசம்தான் நகர்ந்தது. 1986 அக்டோபர் வரை திருநெல்வேலி ஜில்லா. பிறகு சிதம்பரனார் மாவட்டம். 1997இல் மாவட்டங்களுக்குத் தலைவர்கள் பெயர் வேண்டாம் என்றானதும் தூத்துக்குடி மாவட்டம். திருநெல்வேலி ஜில்லா என்றே எழுதிப் பழகிய பெரியப்பாவின் கடிதமும் வந்து சேர்ந்துகொண்டுதான் இருந்தது. தபால்காரர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இணையத்தில் அந்தத் தபால்காரர் வேலையைப் பார்ப்பது 301 என்ற எண். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிமுறையான எச்டிடிபியின் 1.0 ஆவணத்திலேயே, 1996இலேயே, அது உண்டு. பழைய முகவரிக்கு வரும் பிரவுசரிடம் சர்வர் இந்த எண்ணையும் புது முகவரியையும் கொடுக்கும். பிரவுசர் அங்கே போய்விடும். பக்கத்திலேயே 302. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் ஊர்த் திண்ணைக்குத் தெரியும். "மிளகாய்ப் பழம் பறிக்கப் போயிருக்காக, பொழுது சாய வந்துருவாக" என்றால் 302. "குடி மாறிப் போயிட்டாக, கோவில்பட்டியில பாருங்க" என்றால் 301. வீடே இல்லை, ஆளும் இல்லை என்பதற்கு 410 என்று ஓர் எண் இருக்கிறது. அதைச் சொல்ல யாருக்கும் மனசு வருவதில்லை.

301ஐ ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் நல்ல கையையும் அவசரக் கையையும் பார்த்த உடனே பிரித்துவிடலாம். அவசரக்காரர் தளத்தைப் புதுப்பித்ததும் பழைய பக்கங்கள் அத்தனையையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவார். அத்தை வீட்டுக்கு வழி கேட்டவரைப் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்ட கதைதான். கைதேர்ந்தவர் பழைய பக்கம் ஒவ்வொன்றுக்கும் புது ஜோடி தேடி, பொறுமையாகப் பட்டியல் போடுவார். தளம் இரண்டாம் முறை மாறினால் முதல் பட்டியலையும் திருத்துவார். இல்லாவிட்டால் ஒன்று இன்னொன்றுக்கும், அது மூன்றாவதற்கும் கை காட்டிக்கொண்டே போகும்; கூகுளின் தேடுபொறி பத்துத் தாவலுக்கு மேல் தொடராது. பிரவுசர் 301ஐ மனப்பாடம் செய்துகொள்ளும் என்பதால் தப்பாகச் சொல்லிவிட்டால் திரும்ப வாங்குவதும் சிரமம். அதனால் விவரமானவர்கள் முதலில் 302 போட்டு, சரியாகப் போகிறதா என்று பார்த்துவிட்டே நிரந்தரமாக்குவார்கள். நான் ரசிப்பது இந்தத் தயக்கத்தைத்தான்.

தமிழ் விக்கிப்பீடியாவில் இதற்கு 'வழிமாற்று' என்று பெயர். கச்சிதமான சொல். நுட்பமாகப் பார்த்தால் அது 301 அல்ல; முகவரியைத் திருப்பி அனுப்பாமல் சரியான கட்டுரையையே எடுத்துக் காட்டி, எந்தப் பெயரிலிருந்து வழிமாற்றப்பட்டது என்று தலைப்பின் கீழே சின்னதாகச் சொல்லும். நாம் தட்டிய பழைய பெயருக்கும் ஒரு மரியாதை. தமிழ் முகவரிக்கு அது தேவையும்கூட. 'நாகலாபுரம்' என்ற சொல் முகவரிக்குள் போனால் சதவீதக் குறியும் எழுத்தும் எண்ணுமாக 90 குறிகளாக நீண்டுவிடும். ஒட்டும்போது வால் அறுந்தால் போச்சு; சின்னதாக ஒரு வழிமாற்றுப் பெயர் இருந்தால் தப்பிக்கலாம்.

எங்கள் ஊர்ப் பெயருக்கு வழிமாற்று மட்டும் போதாது. ஆந்திரத்தில், திருப்பதி மாவட்டத்தில், கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாதேவி பெயரால் அமைத்ததாகச் சொல்லப்படும் நாகலாபுரம் ஒன்று இருக்கிறது. அங்கே வேதநாராயணரைச் சேவிக்கக் கிளம்பியவரை எங்கள் ஊர்ப் பக்கத்து விளாத்திகுளம் பஸ்ஸில் ஏற்றிவிட முடியாது. இப்படி ஒரே பெயரில் பல பக்கங்கள் வரும்போது விக்கிப்பீடியர்கள் யாரையும் எங்கும் திருப்பாமல், 'பக்கவழி நெறிப்படுத்தல்' என்று ஒரு முச்சந்தி போட்டு, எந்த ஊர் என்று வந்தவரையே கேட்டுவிடுகிறார்கள்.